வாங்கிய வேகம் கடைசி அறை வரை வர 22 குறிப்புகள்

செய்யூர்ப் பக்கத்து வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் புகார் இது: "நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கோம், மாடியில வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு." உடனே அடுத்த பெரிய பிளானுக்கு மாறுகிறோம். மாதக் கட்டணம் ஏறுகிறது, மாடியில் நிலைமை மட்டும் அப்படியே இருக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து முழுதாக வந்த வேகம், ரவுட்டருக்கும் நம் கைக்கும் நடுவே உள்ள சுவர்களில் கரைந்துபோவதுதான் காரணம். பிளானை மாற்றினால் சுவர் மாறாது.

இந்தக் கடலோர வீடுகளுக்கென்று சில குணங்கள் உண்டு. முன்னால் தாத்தா கட்டிய ஓட்டு வீடு, பின்னால் அப்பா சேர்த்த கான்கிரீட் அறை, அதன் மேல் பிள்ளைகளுக்காக எழுப்பிய மாடி என்று பல வீடுகள் மூன்று காலத்தில் வளர்ந்தவை. வயரிங்கும் அப்படியே. உப்பளத்துப் பக்கமிருந்தும் கடற்கரையிலிருந்தும் வரும் காற்று செம்பையும் பித்தளையையும் அரிக்கும். இதற்கு நடுவில்தான் பிள்ளை நீட் தேர்வுக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ ஆன்லைனில் படிக்கிறது. சிறுசேரியில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலையை முடிக்கிறான். மின் வயர் வழியாகவே இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் எந்த வீட்டுக்குக் கை கொடுக்கும், எந்த வீட்டுக்கு வேறு வழி நல்லது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அளந்து பாருங்கள்

1. ரவுட்டரில் வயர் செருகி வேகம் பாருங்கள். லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, லேன் கேபிளால் நேரடியாக இணைத்து வேகச் சோதனை செய்யுங்கள். காலை, மாலை, இரவு 9 மணி என மூன்று வேளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிளானில் சொன்ன வேகம் வருகிறதென்றால் கோளாறு வீட்டுக்குள். வயரிலேயே குறைந்தால் கோளாறு வெளியே. அப்போது கேபிள்காரரைக் கூப்பிட வேண்டுமே தவிர, எந்த அடாப்டரும் வாங்கக் கூடாது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேற்பட்ட பிளானில் வேகம் சரியாக 90, 95-இல் நின்றுவிட்டால் கேபிளையோ போர்ட்டையோ சந்தேகப்படுங்கள். கேபிளின் எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும்.

2. எவ்வளவு வேகம் தேவை என்று கணக்குப் போடுங்கள். பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகம்தான். தெளிவான வீடியோ வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் போதும். டிவியில் ஃபுல் ஹெச்டி படம் பார்க்க 5, 4கே படத்துக்கு 15 என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, கடைசி அறையில் 30 எம்பிபிஎஸ் விட்டுவிட்டு வராமல் நிலையாக வந்தால் போதும். ரவுட்டர் அருகே 300 காட்டி அறையில் 3 காட்டுவதில் பயனில்லை.

3. அறை வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். கூடம், சமையலறை, படுக்கையறை, மாடி, கிணற்றடி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரே போனை வைத்து அளந்து எழுதுங்கள். எந்தச் சுவரைத் தாண்டும்போது எண் சரிகிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். கம்பி நிறைந்த கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, தகரக் கூரை, கண்ணாடி பதித்த அலமாரி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி ஆகியவைதான் வைஃபையை அதிகம் தடுப்பவை. நாட்டு ஓடு அவ்வளவாகத் தடுக்காது. அதைத் தாங்கும் தடித்த பழைய சுவர் தடுக்கும்.

காசு செலவழிக்கும் முன்

4. ரவுட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபைபர் இழுக்க வருபவர், வயர் நுழையும் முன்ஜன்னல் ஓரத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். பாதி அலை தெருவுக்குப் போகும். டிவிக்குப் பின்னாலும் பூஜை அலமாரிக்குள்ளும் ரவுட்டரை ஒளித்து வைக்காதீர்கள். தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், மாடிப்படி ஆரம்பிக்கும் பக்கமாக இருந்தால் கீழும் மேலும் சமமாகக் கிடைக்கும். கான்கிரீட் தளத்தைத் துளைத்துப் போவதைவிடப் படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை எளிதாக ஏறும்.

5. பெட்டியை நகர்த்த ஃபைபரையே நீட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள் பத்து, இருபது மீட்டர் ஃபைபர் நீள்வதால் வேகம் குறைவதில்லை. ஃபைபரை வாங்கி இன்டர்நெட்டாக மாற்றும் ஓஎன்டி பெட்டியை நடு அறைக்கு மாற்றித் தரும்படி ஆபரேட்டரிடம் கேளுங்கள். சிறு தொகை கேட்பார். பல வீடுகளில் இந்த ஒரு வேலையோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. முனைகளில் பச்சை நிறம் ஒரு வகை, நீலம் வேறு வகை. இரண்டையும் மாற்றிச் செருகினால் ஒளி வீணாகும். கதவிடுக்கில் நசுங்கவோ மூலையில் சட்டென மடியவோ விடாதீர்கள். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது.

6. 2.4, 5 இரண்டு அலைவரிசையையும் இடமறிந்து பயன்படுத்துங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. ரவுட்டர் உள்ள அறையில் டிவிக்கும் லேப்டாப்புக்கும் 5, தூரத்து அறைக்கும் கேமராவுக்கும் 2.4 என்று பிரியுங்கள். தெரு நெருக்கமாக இருந்தால் 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எதில் கூட்டம் குறைவோ அதை வையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் வீட்டு வைஃபைக்கான இடத்தை இந்திய அரசு 2018 அக்டோபரில் பெரிதாக விரித்துவிட்டது. அதற்கு முன் வாங்கிய பழைய ரவுட்டர் அதை முழுதாகப் பயன்படுத்தாது.

வயர்தான் முதல் மரியாதைக்குரியது

7. இழுக்க முடிந்த இடத்தில் லேன் கேபிளே இழுங்கள். பவர்லைன், பல பெட்டிகளால் ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் என்று எதை வாங்கினாலும் ஒரு நல்ல லேன் கேபிளின் நிதானம் வராது. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் தூரம் வரை 1 ஜிபிபிஎஸ் கொண்டுபோகும். புதிதாக வாங்குவதென்றால் கேட் 6 வாங்குங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் வாங்கி வரலாம். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிள் நம் உப்புக் காற்றில் முனையில் சீக்கிரம் கெடும், வளைத்தால் உடையும். சோதிக்க, ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்.

8. லேன் கேபிளைக் கரண்ட் பைப்பில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே சுவருக்குள் பைப் இருக்கிறதே என்று 230 வோல்ட் வயரோடு லேன் கேபிளையும் நுழைப்பது ஆபத்து. வயரின் உறை எங்காவது உரிந்தால் கரண்ட் உங்கள் லேப்டாப்புக்கே வந்து சேரும். தனி பிவிசி பைப்போ, சுவரோரம் ஒட்டும் பட்டைப் பைப்போ போடுங்கள். கரண்ட் வயரோடு சேர்ந்தாற்போல் நீளமாக ஓட விடாமல் ஓரடி தள்ளி ஓட்டுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கச் சொல்லுங்கள். வெயில் படும் வெளிச்சுவருக்கு, வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். சாதாரண உறை வெயிலில் வெடித்துவிடும்.

9. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை மாடிக்கு ஏற்றுங்கள். கேபிளின் மறுமுனையில் அதைச் செருகினால் மாடிக்கென்று தனி வைஃபை கிடைக்கும். செட்டிங்கில் ஆக்சஸ் பாயின்ட் என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மூன்று வேலை: முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைக்க வேண்டும், அதன் ஐபி முகவரியைக் கீழ் ரவுட்டரோடு மோதாதபடி மாற்ற வேண்டும், கேபிளை வான் (WAN) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருக வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதையே வைத்தால் போன் தானாகவே மாறிக்கொள்ளும்.

பவர்லைன் அடாப்டர்: வாங்கும் முன்னும் பின்னும்

10. அது வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்ளுங்கள். பவர்லைன் எப்போதும் ஜோடியாக வரும். ஒன்றை ரவுட்டர் பக்கத்துச் சுவர் சாக்கெட்டில் செருகி லேன் கேபிளால் இணைக்க வேண்டும், இன்னொன்றைத் தூரத்து அறை சாக்கெட்டில் செருக வேண்டும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும். அடாப்டர் அதே வயரில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளாகத் தகவலை ஏற்றி அனுப்பும். சுவரை உடைக்க வேண்டாம், புது வயர் வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. மின்சாரத் துறைக்கு இந்த யோசனை பழையது. உயர் அழுத்தக் கம்பி வழியாகவே துணைமின் நிலையங்கள் பேசிக்கொள்ளும் முறை பல பத்தாண்டுகளாக உண்டு. பெரிய துணைமின் நிலையங்களில் கம்பியோடு தொங்கும் பீப்பாய் போன்ற சுருள்கள், அந்தப் பேச்சு வேறு பக்கம் சிதறாமல் தடுப்பவை. வீட்டுக்கான ஹோம்பிளக் முறை 2001-இல் வந்தது. 2010-இல் ஐஇஇஇ 1901 என்ற தரநிர்ணயமும் வந்தது.

11. இரண்டு சாக்கெட்டும் ஒரே சர்வீஸில், ஒரே பேஸில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கீழ் வீட்டுக்கு ஒரு மீட்டர், மாடிக்கு ஒரு மீட்டர் என்று இரண்டு சர்வீஸ் உள்ள வீடுகள் நம்மிடம் ஏராளம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் வந்த பிறகு இது இன்னும் சகஜம். கீழ் மீட்டரில் செருகிய அடாப்டரும் மேல் மீட்டரில் செருகியதும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகலாம், கண்டுகொண்டாலும் வேகம் மோசமாக இருக்கலாம். மூன்று பேஸ் சர்வீஸிலும் இதே சிக்கல். உங்கள் தெருவில் ஒரு பேஸ் போகும்போது வீட்டில் எந்தெந்த அறை இருட்டாகிறது, எது எரிகிறது என்று கவனியுங்கள். ஒன்றாக அணையும் அறைகள் ஒரே பேஸில் இருக்கின்றன. அவற்றுக்குள் பவர்லைன் நன்றாக ஓடும். சந்தேகமாக இருந்தால் எலக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்து சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

12. இன்வெர்ட்டர் லைனைத் தனியாகக் கவனியுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்கு, ஃபேன், சில சாக்கெட்டுகள் மட்டும் அதன் வழியாகப் போகும். ஓர் அடாப்டர் இன்வெர்ட்டர் சாக்கெட்டிலும் மற்றொன்று நேரடிக் கரண்ட் சாக்கெட்டிலும் இருந்தால், சிக்னல் இன்வெர்ட்டர் பெட்டிக்குள் போய் வெளியே வர வேண்டும்; அங்கேயே பெரும்பாலும் தேய்ந்துவிடும். இரண்டையும் ஒரே பக்கமாக வையுங்கள். கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்றால் இரண்டுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். அப்போதும் விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் தரும் கரண்டில் இரைச்சல் அதிகம், பவர்லைன் திணறும். சைன் வேவ் வகை மேல்.

13. சுவர் சாக்கெட்டிலேயே நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர், ஸ்பைக் தடுக்கும் பட்டை எதிலும் பவர்லைனைச் செருகாதீர்கள். ஸ்பைக் தடுக்கும் பட்டைகள் கரண்டில் வரும் அதிர்வுகளை வடிகட்டுவதற்கென்றே செய்தவை. உங்கள் இன்டர்நெட்டையும் அதிர்வென்று நினைத்து வடிகட்டிவிடும். டிவிக்கு இடம் போதவில்லையென்றால் டிவியை எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றி, சுவர் சாக்கெட்டை அடாப்டருக்குக் கொடுங்கள். சில மாடல்களின் முகப்பிலேயே ஒரு சாக்கெட் இருக்கும். எக்ஸ்டென்ஷனை அதில் செருகலாம். ஏசி, ஹீட்டர் போன்ற பெரிய லோடை மட்டும் அதில் ஏற்ற வேண்டாம்.

14. உப்புக் காற்று தின்ற சாக்கெட்டை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். கடப்பாக்கம் முதல் செய்யூர் வரை, கடலைப் பார்த்த பக்கத்துச் சுவரில் பத்து வருஷத்துக்கு முந்தைய சுவிட்ச் போர்டு இருந்தால், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அதன் முகப்பைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். வயரை முறுக்கிய திருகுகளில் பச்சைப் பொடி பூத்திருக்கும். பித்தளை நாக்கு மங்கிக் கறுத்திருக்கும். திருகைத் தொட்டால் லேசாக ஆடும். இப்படிப்பட்ட இணைப்பில் ஃபேன் ஓடும், விளக்கு எரியும், பவர்லைன் சிக்னல் மட்டும் பாதியில் விழும். கெட்ட நுனியை நறுக்கிவிட்டு, புதிதாக உரித்த வயரைப் புது சாக்கெட்டில் இறுக்கினால் வேகம் கூடும். இங்கே வேகத்தைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கும். எர்த்து வயர் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஹோம்பிளக் ஏவி2 வகையைச் சேர்ந்த மூன்று பின் மாடல்களில் பல எர்த்து வயரையும் சேர்த்தே பயன்படுத்தும்.

15. பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள். 600, 1000, 2000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது, போக்கும் வரத்தும் சேர்த்து, எந்த இழப்பும் இல்லாமல் போட்ட கணக்கு. வீட்டில் அதில் சிறு பங்குதான் கைக்கு வரும். 600 என்று எழுதிய பல ஜோடிகளில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகை. எனவே போர்ட் ஜிகாபிட்டா என்று பின்பக்கத்து விவரத்தில் பாருங்கள். ஹோம்பிளக் வகையும் ஜி.ஹெச்என் வகையும் ஒன்றோடொன்று பேசாது. ஜோடியை ஒரே வகையில் வாங்குங்கள். மதுராந்தகம், செங்கல்பட்டு கடைகளில் இது எளிதாகக் கிடைக்கும் பொருளாக இல்லை. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஜோடியில் சதுர முள் பிளக் இருக்கும். தொளதொளவென்ற கன்வெர்ட்டரில் அதை மாட்டி எப்போதும் ஓட விடுவது நல்லதல்ல.

16. வீடு முழு இயக்கத்தில் இருக்கும்போது சோதியுங்கள். ராத்திரி எல்லாம் அணைந்த பிறகு சோதித்தால் வேகம் அழகாகத் தெரியும். காலை ஏழு மணிக்குச் சோதியுங்கள்: மிக்ஸி அரைக்கிறது, மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது, வாஷிங் மெஷின் ஓடுகிறது. அந்த நேரத்தில் ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். மிக்ஸி ஓடும்போது முகம் உறைந்து, நிறுத்தியதும் சரியாகிறதென்றால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிட்டது. மலிவான போன் சார்ஜரும் எல்இடி பல்பும்கூட இப்படித் தொல்லை தரும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். அடாப்டர் செருகிய போர்டிலேயே சார்ஜர் செருகுவதைத் தவிர்த்தாலே பல வீடுகளில் நிலைமை சீராகும்.

17. ஜோடி பட்டனை அழுத்த மறக்காதீர்கள். உங்கள் வீட்டு வயரில் ஓடும் சிக்னல் மீட்டரோடு நின்றுவிடும் என்று உறுதியில்லை. பக்கத்து வீட்டு வயருக்கும் கொஞ்சம் போகலாம். வாங்கியவுடன் இரண்டு அடாப்டரிலும் உள்ள பேர் (Pair) பட்டனை, கையேட்டில் சொன்ன இடைவெளிக்குள் அடுத்தடுத்து அழுத்துங்கள். இந்த ஜோடிக்கு மட்டும் உரிய 128 பிட் பூட்டு அப்போதுதான் விழும். ஒட்டிய சுவர் வீடுகளிலும் வாடகைக்கு விட்ட வீடுகளிலும் இது அவசியம்.

பவர்லைன் ஒத்துவராத வீட்டுக்கு

18. மெஷ் வாங்கினால் பாதி வழியில் வையுங்கள். இரண்டு மீட்டர் உள்ள வீட்டுக்கும், பழைய வயரிங் மாற்ற முடியாத வீட்டுக்கும் மெஷ் வைஃபை நல்ல மாற்று. இரண்டாவது பெட்டியை நெட் கிடைக்காத அறையிலேயே கொண்டுபோய் வைப்பது பலர் செய்வது. அங்கே அதற்கே சிக்னல் வராதபோது அது எதைப் பரப்பும்? நெட் ஓரளவு நன்றாக வரும் கடைசி இடத்தில் வையுங்கள். வாங்கி அனுப்ப ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் மலிவு எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். பெட்டிகள் தமக்குள் பேசத் தனி அலைவரிசை உள்ள மெஷ் மேல். மெஷ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு லேன் கேபிளும் போட முடிந்தால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு வீட்டுக்கு இல்லை.

19. டிஷ் வயரில் நெட் அனுப்ப நினைத்தால் கவனம். டிவிக்குப் போட்ட கோஆக்சியல் வயரில் நெட் அனுப்பும் மோகா என்ற முறை அமெரிக்க வீடுகளில் நன்றாக வேலை செய்கிறது. அங்கே கேபிள் டிவி வயர் அறைக்கு அறை போகிறது. நம் வீட்டில் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது. மோகாவும் அந்த இடத்தையே கேட்கும். டிஷ் இணைப்பை நிறுத்திவிட்டு வயர் மட்டும் சும்மா கிடக்கும் வீட்டில்தான் இது பொருந்தும். அந்த வீட்டிலும், அந்த வயர் போன பைப்பில் லேன் கேபிளை இழுத்துவிடுவது இன்னும் எளிது: பழைய வயரின் நுனியில் புதியதைக் கட்டி மறுபக்கம் இழுத்தால் போதும்.

20. தனிக் கட்டிடத்துக்கு ஃபைபரே பத்திரம். தோட்டத்து மோட்டார் கொட்டகை, மாட்டுக் கொட்டகைக் கேமரா, வீதிக்கு எதிரே உள்ள கடை ஆகியவற்றுக்குச் செம்புக் கேபிளை வெட்ட வெளியில் இழுத்தால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் ஒன்றாகப் போகும். ஃபைபர் கண்ணாடி இழை. கரண்ட் அதில் பாயாது. உள்ளே இரும்புக் கம்பி ஓடும் வகையாக இருந்தால் அந்தக் கம்பியை இரு முனையிலும் நறுக்கி, கருவியில் படாமல் விடச் சொல்லுங்கள். இரு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் வேலை முடிந்தது. இழையை ஒட்டும் மெஷின் உங்கள் கேபிள்காரரிடமே இருக்கும். நடுவே சாலையோ வாய்க்காலோ குறுக்கிட்டால், ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் வெளிப்புற வைஃபை ஜோடி போடலாம். தென்னையும் சவுக்கும் குறுக்கே நிற்காத உயரத்தில் மாட்டுங்கள்.

21. ஃபைபர் வராத ஊருக்குக் காற்று வழி. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் பணியை டேன்ஃபிநெட் நிறுவனம் நடத்துகிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டதா, வீட்டுக்கு இணைப்பு தருகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அதுவரை 5ஜி அலையை வீட்டு மாடியில் வாங்கி உள்ளே தரும் ஏர்ஃபைபர் உண்டு. பதிவு செய்யும் முன் அதே கம்பெனியின் சிம் போட்ட 5ஜி போனோடு மொட்டை மாடியின் நான்கு மூலையிலும் நின்று, இரவு நேரத்தில் வேகம் பாருங்கள். 4ஜி மட்டும் வரும் இடத்தில், வெளியே ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள சிம் ரவுட்டர் போனைவிடப் பல மடங்கு உதவும். இந்த இணைப்புகளில் மாத டேட்டா அளவைத் தாண்டினால் வேகம் இறங்கும்; அந்த அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

22. மழைக்காலத்துக்கும் புகாருக்கும் தயாராக இருங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. 2020-இல் நிவரும் 2024-இல் ஃபெஞ்சலும் புதுச்சேரிப் பக்கம் கடந்தன. செய்யூர் மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் வீட்டுக்குள் நுழையும் வயரைப் பாருங்கள். துளைக்கு வெளியே வயர் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைந்து பிறகு மேலேறி உள்ளே வர வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். இடி தொடங்கும் முன்பே ரவுட்டரையும் பவர்லைன் ஜோடியையும் சாக்கெட்டிலிருந்து கழற்றுங்கள். சுவிட்ச்சை மட்டும் அணைப்பது போதாது. கரண்ட் போனாலும் நெட் வர, ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வையுங்கள். வாங்கும் முன் அவற்றின் கரண்ட் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பொருத்திப் பாருங்கள்.

வெளியே கோளாறு என்றால் எண்ணோடு பேசுங்கள். ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் இழையில் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். விளக்கு பச்சையாகவே இருந்து வேகம் தள்ளாடினால், வருகிற ஒளியின் அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்கும் கீழே போயிருந்தால் எங்கோ மடிப்போ மோசமான ஒட்டோ இருக்கிறது. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு திருப்தியில்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத உங்களுக்கு உரிமை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதி அது. பிராட்பேண்ட் என்று சொல்ல 2013-இல் 512 கேபிபிஎஸ் போதும் என்றிருந்தது, 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆனது. அது வெறும் கீழ் எல்லை. உங்கள் பிளானில் எழுதித் தந்த வேகமே நீங்கள் கேட்க வேண்டிய வேகம். முதல் குறிப்பில் மூன்று வேளையும் எழுதி வைத்த அளவுகள் இங்கேதான் உதவும்.

எந்த வீட்டுக்கு எது? ஓஎன்டியை நடு அறைக்கு மாற்ற முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பைப் ஓட்ட இடமிருந்தால் லேன் கேபிள். சுவரைத் தொட முடியாத வாடகை வீடு, ஒரே மீட்டர், ஒரே பேஸ், வயரிங் நல்ல நிலை என்றால் பவர்லைன் உங்களுக்கானது. மாடிக்குத் தனி சர்வீஸ் என்றால் பவர்லைனை விட்டுவிட்டு மெஷ்ஷுக்குப் போங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வயரில் அளந்த வேகமே வீட்டுக்குப் போதவில்லையென்றால், அப்போது தைரியமாகப் பெரிய பிளானுக்கு மாறுங்கள். கொடுக்கும் பணம் கடைசி அறை வரை வந்து சேரும்.